கோயில் மேடைக்கு ஒரு சிந்தசைசர்: சுரத்தை எதில் மாற்றுவது?

இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்து இசைக்குழுக்களில் ஓர்கன் வாசிக்கும் தம்பிமார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நாதஸ்வரத்தோடயும் கோயில் ஆர்மோனியத்தோடயும் சேரும்போது நம்ம கருவி மட்டும் ஒட்டாம நிக்குது. சுரம் சுரமா சுருதியை மாத்துற மாதிரி எதை வாங்கலாம்?" கடையில் கேட்டால் எல்லாவற்றிலும் ட்யூனிங் இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வது கருவி முழுவதையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும் மாஸ்டர் ட்யூனை. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக நகர்த்துவது வேறு வசதி. சில கருவிகளில் அது ஆழமாக இருக்கிறது, சிலவற்றில் பெயருக்கு இருக்கிறது, பலவற்றில் இல்லவே இல்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவிழாவிலும் பஜனையிலும் வாசிப்பவருக்கு, பன்னிரண்டு சுரத்தையும் ஒரு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவில் நகர்த்தி ஒரு பொத்தானில் சேமிக்க முடிகிற அரேஞ்சர் கீபோர்டே, அதாவது தாளத்தையும் பின்னணியையும் தானே வாசிக்கும் கீபோர்டே, சரியான தெரிவு. பன்னிரண்டுக்கு மேல் சுரம் வேண்டும், புதிதாக ஒரு சுருதி முறையையே கட்ட வேண்டும் என்பவர் மட்டும் முழு அட்டவணை (ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி அளவு எழுதிய பட்டியல்) ஏற்கும் சிந்தசைசருக்குப் போகலாம். லெப்டொப்பை நடுவில் வைக்கும் வழி வீட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் நல்லது. நம் மலை மேடைகளுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எது குத்துகிறது என்பது தெளிவானால் மீதி சுலபம். கீபோர்டில் ஒரு ஸ்தாயி 1200 சென்ட். பன்னிரண்டு கட்டைக்கும் சமமாகப் பங்கிட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையே 100 சென்ட் வைத்திருக்கிறார்கள். சுருதிப் பெட்டி ஒலிக்கும்போது நம் காது இந்தச் சமபங்கைத் தேடுவதில்லை, எளிய விகிதங்களைத் தேடுகிறது. பஞ்சமம் 3/2 என்ற விகிதம், 702 சென்ட். கீபோர்டின் 700-க்கும் அதற்கும் 2 சென்ட்தான் வித்தியாசம். அந்தர காந்தாரம் 5/4, அதாவது 386 சென்ட். கீபோர்டில் அது 400-இல் நிற்கிறது. இந்த 14 சென்ட்தான் வில்லங்கம். ஸட்ஜத்தை 1 கட்டைச் சுருதியில் (கீபோர்டின் C), 261.6 ஹெர்ட்ஸில் வைத்துக் கீபோர்டின் காந்தாரத்தைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால், இரண்டின் மேல் ஒலிகளும் உரசி நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அலை அடிக்கும். பஞ்சமத்தில் அந்த அலை நொடிக்கு ஒன்றுகூட வராது. "தம்பி, உன் காந்தாரம் குத்துது" என்று நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்க்கிறாரே, அது இதனால்தான். பஞ்சமத்தைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, முதல் தெரிவு. யமஹா பிஎஸ்ஆர்-எஸ் வரிசை, கோர்க் பிஏ வரிசை போன்ற அரேஞ்சர்கள் அரபு இசைக்காரர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கால் சுரம் வேண்டிய அவர்களுக்காக வந்த ஸ்கேல் ட்யூன் வசதி நமக்கும் உதவுகிறது. யமஹாவில் ஒவ்வொரு சுரத்தையும் ஏறத்தாழ 64 சென்ட் வரை மேலும் கீழும் ஒவ்வொரு சென்டாக நகர்த்தலாம். ஒரு ஸ்தாயிக்கு வைத்த அளவு எல்லா ஸ்தாயிகளிலும் தானாகத் திரும்பும். இதில் நான் பெரிதாக மதிப்பது அடிச்சுரம் என்ற ஒரு சின்ன அமைப்பை. ஆயத்த ஸ்கேல்களை எந்தக் கட்டையிலிருந்து கணக்கிட வேண்டும் என்று அதில் சொல்லலாம். பாடகர் 1½ கட்டையில் பாடினாலும் 2½-க்கு ஏறினாலும் சுருதி முறை கூடவே நகரும்.

மாயாமாளவகௌளைக்கு நான் வைக்கும் அளவுகள் இவை: ஸட்ஜம் 0, சுத்த ரிஷபம் +12, அந்தர காந்தாரம் −14, சுத்த மத்திமம் −2, பஞ்சமம் +2, சுத்த தைவதம் +14, காகலி நிஷாதம் −12. ரிஷபத்துக்கு 16/15, தைவதத்துக்கு 8/5, நிஷாதத்துக்கு 15/8 என்ற விகிதங்களிலிருந்து வந்த எண்கள். பாதிச் சென்ட்களை முழுதாக்கியிருக்கிறேன். மோகனத்துக்குச் சதுஸ்ருதி ரிஷபம் +4, காந்தாரம் −14, பஞ்சமம் +2. தைவதத்தில்தான் யோசிக்க வேண்டும். 5/3 என்று எடுத்தால் −16, ரிஷபத்துக்குப் பஞ்சமமாக 27/16 என்று எடுத்தால் +6. இரண்டுக்கும் நடுவே 22 சென்ட் இடைவெளி இருக்கிறது, அது காதுக்கு நன்றாகவே தெரியும். 5/3 மத்திமத்தோடு ஒட்டும் அளவு; மோகனத்தில் மத்திமம் இல்லாததால் நான் +6 பக்கம் சாய்வேன். நாதஸ்வரக்காரர் தைவதத்தில் நிற்கும்போது கேட்டுப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சேமித்து வைத்துவிட்டால் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும்.

சேமிப்பதுதான் அரேஞ்சரின் பலம். பிஎஸ்ஆர்-எஸ் கருவிகளின் ரெஜிஸ்ட்ரேஷன் நினைவகத்தில் குரல், தாளம், டிரான்ஸ்போஸ் (விரலை மாற்றாமல் சுருதியை ஏற்றி இறக்குவது) ஆகியவற்றோடு ஸ்கேலும் சேர்ந்து பதியும். பக்திப் பாடல் முடிந்து சினிமாப் பாடல் தொடங்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் சமபங்குச் சுருதி திரும்பிவிடும். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மேலே சொன்ன அளவுகளில் கோர்ட் (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடிக்க முடியாது. தைவதத்தை −16-இல் வைத்துக்கொண்டு ரிஷபத்தில் மைனர் கோர்ட் பிடித்துப் பாருங்கள். ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே 702 இருக்க வேண்டிய இடத்தில் 680 சென்ட்தான் இருக்கும். அந்தக் கோர்ட் ஊளையிடும். மெல்லிசையும் தேவாலயக் கீதங்களும் சமபங்கில் இருப்பதே நல்லது. ஒரே ஆள் ஞாயிறு காலை தேவாலயத்திலும் மாலை மாரியம்மன் கோயிலிலும் வாசிக்கிற ஊர்கள் நமக்கு உண்டு. அவருக்கு இரண்டு சுருதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆர்மோனியம் இருக்கும் கோயிலில் வேலை வேறு மாதிரி. அதன் நாக்குகள் அசையாதவை, அரங்கில் யாரும் அவற்றை மாற்ற முடியாது. பழைய பெட்டியில் ஒவ்வொரு நாக்கும் காலப்போக்கில் ஒவ்வொரு பக்கம் நகர்ந்திருக்கும். அங்கே விகிதங்களை விட்டுவிடுங்கள். சென்ட் காட்டும் ட்யூனர் செயலி ஒன்றைப் போனில் திறந்து, பன்னிரண்டு கட்டையையும் ஒவ்வொன்றாக ஒரே அழுத்தக் காற்றில் ஊதி, வித்தியாசத்தைத் தாளில் எழுதி, அதையே ஸ்கேல் ட்யூனில் இறக்கினால் போதும். காற்றைக் கூட்டிக் குறைத்தால் எண் ஆடும், அதனால் துருத்தியை ஒருவர் நிதானமாக இழுக்க, இன்னொருவர் எழுதுவது நல்லது. நேரம் பிடிக்காத வேலை. ஆனால் அந்தக் கோயிலுக்கென்றே ஒரு சுருதி உங்கள் கருவியில் தங்கிவிடுகிறது, எனக்கு அதில் மிகுந்த திருப்தி.

இரண்டாவது தெரிவு சிந்தசைசர்கள். இங்கே ஒவ்வொரு சுரத்துக்கு மட்டுமல்லாமல், மிடியின் (மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) 128 சுர எண் ஒவ்வொன்றுக்கும் தனி அளவு கொடுக்கலாம். ஸ்தாயி 1200-இல் முடிய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 1987-இல் வந்த யமஹா டிஎக்ஸ்81இசட் (TX81Z) இதற்குப் பழைய உதாரணம். கட்டை இல்லாத பெட்டி அது. பயனர் அட்டவணைகள் இரண்டு வைத்திருக்கிறது, ஒன்று ஒரு ஸ்தாயிக்கு, மற்றது முழு வீச்சுக்கு. அதன் ஒரு படி ஏறத்தாழ 1.6 சென்ட். அதாவது −14 என்று நாம் கேட்டால் மிக அருகிலுள்ள படியில் உட்காரும். பழைய சாமான் விற்கும் இடத்தில் கண்ணில் பட்டால் வாங்கலாம், திரை சின்னது, பொறுமை வேண்டும்.

கோர்க் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த மோனோலாக்கின் நுண்சுருதிப் பகுதியில் ஏபெக்ஸ் ட்வின் என்று அறியப்படும் மின்னணு இசைக்கலைஞர் ரிச்சர்ட் டி. ஜேம்ஸின் பங்கு உண்டு. முழு வீச்சு அட்டவணை ஆறு, ஸ்தாயி அட்டவணை ஆறு என்று பயனருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கணினி இல்லாமல் கருவியின் முகப்பிலேயே சுரத்தைத் தட்டி அளவை மாற்றலாம். எந்த அட்டவணை, எந்தக் கட்டையிலிருந்து என்பதும் ஒலியோடு சேர்ந்தே பதிவாகும். ஒரு ராகத்துக்கு ஒரு ஒலி என்று வைத்துக்கொள்ளலாம். 25 சின்னக் கட்டைகள்தான், ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ராகம் வாசிக்கிறவருக்கு அது குறையாகாது, நாதஸ்வரமும் ஒரு சுரம்தானே தருகிறது! ஆறு டபிள்-ஏ பற்றரியில் ஓடும் என்பது நம் பக்கத்தில் பெரிய விசயம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போன இரவிலும் வாசிக்கலாம். கோர்ட்டும் வேண்டும் என்றால் அடுத்து வந்த மினிலாக் எக்ஸ்டி இருக்கிறது: 37 கட்டை, நான்கு சுரம் ஒரே நேரத்தில். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும்.

சீக்வென்ஷியல் நிறுவனத்தின் பிராபெட் வகைக் கருவிகள் ஒலியில் மிக அழகானவை. 31 சுர முறை, இந்தோனேசிய கமெலான் சுருதி, அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்சின் 43 சுர முறை என்று ஆயத்த அட்டவணைகளோடு வருகின்றன. அட்டவணையை முகப்பில் திருத்த முடியாது. கணினியில் தயாரித்து மிடி வழியாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு அட்டவணையும் ஒரு குறிப்பிட்ட கட்டையை ஆதாரமாகக் கொண்டு எழுதப்படுவதால், 2 கட்டைப் பாடகருக்கு ஒன்று, 5 கட்டைப் பாடகிக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தயாரிக்க வேண்டி வரும். மேடையில் பாடகர் கடைசி நேரத்தில் கட்டையை மாற்றினால் தொலைந்தது. விலையும் அரேஞ்சரைவிடப் பல மடங்கு. கொழும்புக் கடைகளில் எளிதில் கண்ணில் படாது. அநேகமாக வெளிநாட்டு உறவினர் கையில்தான் வந்து சேரும். பழுதானால் மலையில் பார்த்துத் தர ஆள் தேடுவது சிரமம். இதையெல்லாம் சொல்லாமல் ஒலியை மட்டும் புகழ்ந்து ஒரு பிள்ளையைக் கடன் வாங்க வைக்க எனக்கு மனமில்லை.

இந்த வகைக் கருவிகள் பலவும் ஒரு பொது மொழியைப் புரிந்துகொள்கின்றன. ராபர்ட் ரிச்சும் கார்ட்டர் ஷோல்சும் முன்வைத்து 1990களின் தொடக்கத்தில் ஏற்கப்பட்ட மிடி ட்யூனிங் ஸ்டாண்டர்ட் அது. ஒரு அரைச்சுரத்தை 16,384 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படி 0.0061 சென்ட். 128 சுரங்களின் முழு அட்டவணையும் 408 பைட்டில் அடங்கும்; சாதாரண மிடி கம்பியில் போய்ச் சேர நொடியில் எட்டில் ஒரு பங்குதான் ஆகும். அட்டவணையைத் தயாரிக்க மானுவேல் ஓப் டி கூலின் ஸ்காலா மென்பொருள் இருக்கிறது. அதன் கோப்பு வடிவத்தைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள், 5,000-க்கும் மேற்பட்ட ஸ்கேல்கள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னும் எளிது செவிஷ் உருவாக்கிய ஸ்கேல் வொர்க்ஷொப். இணைய உலாவியில் 9/8, 5/4, 4/3 என்று விகிதங்களை வரிசையாக அடித்தால் ஸ்காலா கோப்பாகவும் கோர்க் கருவிக்கான கோப்பாகவும் தரும். 0.0061 என்ற நுட்பத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தாலாட்டுக்கோ பஜனைக்கோ ஒரு சென்ட் படி தாராளம்.

இருபத்திரண்டு சுருதியையும் கட்டையில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றலாம், முழு அட்டவணைக் கருவி அதற்குத்தான். ஆனால் ஒரு ஸ்தாயிக்கு 22 கட்டை என்று வைத்தால் 61 கட்டையில் மூன்று ஸ்தாயிகூடத் தேறாது, 37 கட்டையில் இரண்டும் தேறாது. கறுப்பு வெள்ளைக்குப் பழகிய விரல் முழுதாகப் புதிதாகப் படிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கும் தனி இசைக்கும் அருமையான வேலை. அடுத்த வாரத் தேருக்கு வாசிக்க வேண்டியவர் அதில் இறங்க வேண்டாம். எந்த ராகத்துக்கும் ஒரு நேரத்தில் தேவைப்படுவது பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும், ராகம் மாறும்போது அட்டவணையை மாற்றினால் போயிற்று.

முழு அட்டவணையின் உண்மையான பயன் எனக்கு வேறிடத்தில் தெரிகிறது. காமன் கூத்துப் பாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும்போது பாடும் பாட்டு இவற்றில் சில குரல்கள் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ நிற்பதை நான் கேட்டிருக்கிறேன். தோட்டத்து மூத்தவர்கள் பாடியதைப் போனில் பதிந்து, பிராட் அல்லது சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் குரலின் உயரம் கோடாகத் தெரியும். எங்கே நீண்டு நிற்கிறதோ அங்கே அளந்து, ஸட்ஜத்திலிருந்து சென்ட் கணக்கிட்டு, அந்த ஒரு பாட்டிக்கான சுருதியை அட்டவணையாக எழுதலாம். கீழ் ஸ்தாயியில் ஒரு மாதிரியும் மேல் ஸ்தாயியில் வேறு மாதிரியும் அவர் நின்றால் அதையும் அப்படியே வைக்க முழு அட்டவணையால்தான் முடியும். மலையக இசையில் புதிதாக ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பாடுகிறவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

மூன்றாவது வழி லெப்டொப். கருவியில் சுருதி வசதியே இல்லாவிட்டாலும், நடுவில் இருக்கும் மென்பொருள் ஒவ்வொரு சுரத்தையும் ஒவ்வொரு மிடி சேனலில் அனுப்பி, பிட்ச் பெண்டால் (சுரத்தை வளைத்து ஏற்றி இறக்கும் வசதி) தேவையான அளவு நகர்த்திவிடும். பல சேனல்களை ஒரே நேரத்தில் ஏற்கும் கருவியாக இருக்க வேண்டும், எல்லாச் சேனலிலும் ஒரே ஒலி வைக்க வேண்டும், பெண்ட் வீச்சு இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். கையிலிருக்கும் பழைய கருவியோடு செலவில்லாமல் பழகிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வெளி மேடையில், பனி இறங்கும் நேரத்தில், ஜெனரேட்டர் மாற்றும் இடைவெளியில் லெப்டொப்பை நம்பி நிற்பது வேறு. அறுந்துபோக இன்னும் இரண்டு கம்பி, உறைந்துபோக இன்னும் ஒரு திரை.

எந்த அட்டவணையும் கமகம் தராது என்பதையும் சொல்ல வேண்டும். தோடியின் காந்தாரத்தை எந்தச் சென்டில் வைத்தாலும் அது தோடி ஆகாது, ஏனென்றால் அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதற்கு இடது கை பிட்ச் பெண்ட் சக்கரத்தில் பழக வேண்டும். அரேஞ்சரோ சிந்தசைசரோ, சக்கரம் இலகுவாக நகர்ந்து நடுவுக்குத் துல்லியமாகத் திரும்புகிறதா என்று பார்ப்பது சுருதி வசதியைப் பார்ப்பதற்குச் சமமான வேலை. நின்று ஒலிக்கும் ராகங்களில் அட்டவணை பலன் தரும், ஆடி அசையும் ராகங்களில் கைதான் தரும்.

அப்புறம் நம் குளிர். சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழும் போகும். காற்று வாத்தியத்தின் சுருதி ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும். யாழ்ப்பாணத்து 28 பாகையில் சேர்த்த நாதஸ்வரம் இங்கே 12 பாகைக்கு வந்தால் கணக்குப்படி 48 சென்ட். மூச்சின் சூடு குழலுக்குள் இருப்பதால் அவ்வளவு முழுதாக இறங்காது என்றாலும், சுர அளவுகளை எவ்வளவு அழகாக வைத்தாலும் இந்த இறக்கம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால் வித்துவான் நன்றாக ஊதிக் குழலைச் சூடாக்கிய பின் அவருடைய ஸட்ஜத்துக்கு மாஸ்டர் ட்யூனைச் சேர்த்து, அதற்கு மேல்தான் அட்டவணையைப் போட வேண்டும். யமஹா அரேஞ்சர்களில் மாஸ்டர் ட்யூன் சுமார் 415 முதல் 466 ஹெர்ட்ஸ் வரை நகரும், தாராளமாகப் போதும். அரேஞ்சரின் ஒலி முழுக்க டிஜிட்டல் என்பதால் குளிரில் அசையாது. மோனோலாக், மினிலாக், பிராபெட் மூன்றின் அனலொக் ஒலி மூலங்கள் வெப்பத்துக்கு அசையக்கூடியவை. தாமாகச் சேர்ந்துகொள்ளும் வசதி உண்டு, இருந்தாலும் மேடை ஏறுமுன் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஒருமுறை சேர்த்துவிடுவது அவசியம். அரேஞ்சர் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கருவியை வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்குமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். காந்தாரக் கட்டையை −50-க்கு இறக்கிவிட்டு டிரான்ஸ்போஸை ஒரு கட்டை ஏற்றுங்கள். அதே கட்டை இன்னும் இறங்கியே ஒலித்தால், சுருதி விரலோடு போகிறது. எப்போதும் 1 கட்டை நிலையில் வாசித்து டிரான்ஸ்போஸில் சுருதி மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுதான் வேண்டும். இறக்கம் வேறு கட்டைக்குத் தாவினால், ஒவ்வொரு சுருதிக்கும் தனியாகப் பதிந்து வைக்க வேண்டி வரும். இரண்டாவதாக, அந்த அமைப்பைச் சேமித்து, கருவியை அணைத்து, மறுபடி போட்டு, சேமித்த பொத்தானை அழுத்திப் பாருங்கள். காந்தாரம் 400-க்கே திரும்பியிருந்தால், எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.